பச்சோந்திக்கு வீடு: கடைப் பெட்டியும் என் கணக்கும்

பச்சோந்தி வளர்க்கத் தேவையான எல்லாம் உள்ளே இருக்கிறது என்று அட்டையில் அச்சடித்துச் செல்லப்பிராணிக் கடைகள் விற்கும் ஆரம்பப் பெட்டியைப் பற்றி என் முடிவு இதுதான்: இலவசமாகக் கிடைத்தாலும் அது நட்டம். எனக்கு இலவசமாகத்தான் கிடைத்தது. என் மைத்துனர் இங்கே ரொறன்ரோவில் ஒரு பெரிய கடையில் ஏறத்தாழ 200 டொலர் கொடுத்து அதை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தன் கொண்டோவின் வாடகை ஒப்பந்தத்தை வாசித்தார். ஊர்வன வளர்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்துவிட்டதால், பிரிக்காத பெட்டி ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் மகளோ நெடுநாளாகவே யேமன் பச்சோந்தி வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

நான் கணக்கெழுதும் தொழில் செய்பவன். ஒரு பொருளின் விலையைக் கேட்டவுடன், அது இன்னும் எத்தனை பொருட்களை வாங்க வைக்கும் என்றுதான் மனம் ஓடும். அந்தப் பார்வையில் பெட்டியை மேசையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் கூண்டு. நீள அகலம் 16 அங்குலம், உயரம் 20 அங்குலம். அலுமினிய வலை, கட்டுமானத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யேமன் பச்சோந்தியில் ஆண், தலை முதல் வால் நுனி வரை ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி வரை வளரும். அந்த அளவை எட்ட ஒரு வருடம் போதும். யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலும் செடி கொடிகளில் ஏறி இறங்கித் திரியும் பிராணி அது. வளர்ந்ததற்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் அளவு. ஆக, பெட்டியோடு வந்த கூண்டு சில மாதக் குழந்தைக்கான தொட்டில். தொட்டிலை விற்றவர் கட்டிலையும் பிறகு விற்பார்.

அடுத்தது விளக்கு. சுருள் வடிவத்தில் ஒரு சிறிய யூவிபி பல்ப், அதாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையைத் தருவது. இதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. பச்சோந்தியின் தோலில் யூவிபி கதிர் பட்டால்தான் அதன் உடல் விற்றமின் டி3ஐ உண்டாக்கும். டி3 இருந்தால்தான் உண்ணும் கல்சியம் எலும்பில் சேரும். அது சேராவிட்டால் எலும்பு மென்மையாகி, கால்கள் வளைந்து, தாடை தொய்ந்துபோகும். செல்லப் பச்சோந்திகளை வாட்டும் நோய்களில் இது முன் வரிசையில் நிற்பது. வளைந்த எலும்பை எந்த மருந்தும் நிமிர்த்தாது.

ஊர்வன வளர்க்கும் அயலவர் ஒருவரிடம் சோலார்மீற்றர் 6.5 என்ற அளவுகருவி இருந்தது. புற ஊதாக் கதிரின் வலுவைச் சொல்லும் சுட்டெண்ணைக் காட்டும் அந்தக் கருவியின் விலை, பெட்டியின் விலையைத் தாண்டும். ஆகவே இரவல் வாங்கினேன். யேமன் பச்சோந்தி வெயில் காயும் கிளையில் சுட்டெண் 3 அளவில் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. சுருள் பல்பை வலைக்கு மேலே வைத்து, ஒரு சாண் கீழே கருவியைப் பிடித்தேன். எண் 1ஐக்கூட எட்டவில்லை. கருவியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தியதும் அதுவும் விழுந்தது. இந்த வகைப் பல்பின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து நின்றுவிடும். வலையும் தன் பங்குக்கு மூன்றில் ஒன்று அளவு கதிரைத் தின்றுவிடும். பிராணி நாள் முழுவதும் அந்த ஒரே புள்ளியில் குந்தியிருக்காது.

“அப்பா, ஜன்னல் பக்கத்தில் வைத்தால் வெயில் வருமே?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான், பலரும் கேட்பார்கள். வெயிலின் வெளிச்சம் வரும், சூடு வரும். யூவிபியை ஜன்னல் கண்ணாடி உள்ளே விடாது. கண்ணாடி இல்லாவிட்டாலும் மார்கழி மாதத்து ரொறன்ரோ வெயிலின் சுட்டெண் நண்பகலில்கூட 1ஐச் சுற்றித்தான் இருக்கும்.

பெட்டியில் மிச்சம் இருந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்ரிக் கொடிகள்: யேமன் பச்சோந்தி பூச்சியோடு இலையையும் தின்னும் இனம், பிளாஸ்ரிக் இலையையும் கடித்துப் பார்க்கும், விழுங்கினால் குடல் அடைக்கும். பாசி ஒட்டிய வளையும் கயிறு: ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பாசி உதிரும். முள் காட்டும் வட்ட வெப்பமானி: எங்கள் வீட்டு வெப்பமானியோடு ஒப்பிட்டபோது நான்கு பாகை வித்தியாசம். சொட்டுநீர்க் கிண்ணம் மட்டும் நன்றாக இருந்தது. அதை இன்றும் பயன்படுத்துகிறோம். சிறிய கூண்டையும் எறியவில்லை. வைத்தியரிடம் கொண்டுபோகவும், கோடையில் பின்வளவில் நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் சிறிது நேரம் வைக்கவும் உதவுகிறது. அதற்காக 200 டொலர் யாரும் கொடுக்கத் தேவையில்லை.

இனி நான் வாங்கியவை. பெரிய கூண்டு, பழைய பொருட்கள் கைமாறும் கிஜிஜி இணையத்தளத்தில் கிடைத்தது. மிசிசாகாவில் படிப்பை முடித்து ஊர் மாறிய ஒரு மாணவர் 2 அடிக்கு 2 அடிக்கு 4 அடி அலுமினிய வலைக் கூண்டை 90 டொலருக்குக் கொடுத்தார். புதிதாக வாங்கினால் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கூண்டு வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைப் பார்த்தால் போதும். வலை உலோகமாக இருக்க வேண்டும். நுளம்பு வலை போன்ற நார் வலையைத் தீனிக்கு விடும் சிள்வண்டுகள் கடித்து ஓட்டை போட்டுவிடும். கதவு முழுமையாக மூட வேண்டும். மற்றபடி கறை, அழுக்கு எல்லாம் பேரம் பேச உதவும் நண்பர்கள். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தேய்த்து, மணம் போகும் வரை கழுவி, இரண்டு நாள் வெயிலில் விட்டோம்.

கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது. மனிதர்கள் மேலிருந்து குனிந்து பார்த்தால் பச்சோந்திக்கு அது பருந்து வருவதற்குச் சமம். பழைய இழுப்பறை மேசை ஒன்றின் மேல் ஏற்றி, அதன் உச்சிக் கிளை என் தலைக்கு மேலே இருக்குமாறு வைத்திருக்கிறேன். நிலக்கீழ் அறையில் குளிர், வரவேற்பறையில் தொலைக்காட்சிச் சத்தம். ஆகவே இடம் மகளின் அறை. சூடாக்கியின் காற்றுவாய் கூண்டை நேரே ஊதாத சுவராகப் பார்த்துக்கொண்டோம்.

கனடாவில் வலைக் கூண்டுக்கு ஒரு பெரிய பிரச்சினை உண்டு. குளிர்காலத்தில் சூடாக்கி ஓடத் தொடங்கியதும் வீட்டு ஈரப்பதம் 30 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நான்கு பக்கமும் வலையாக இருந்தால் தெளிக்கும் தண்ணீர் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டி வாங்கச் சொல்வார்கள். அதன் விலை ஒருபுறம் இருக்க, இந்த உயரத்தில் அதைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மலிவான வழி, பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் பிளாஸ்ரிக் தகட்டால் மூடி, முன்பக்கத்தையும் மேற்பக்கத்தையும் காற்றுக்குத் திறந்துவிடுவது. இதற்கு நெளிவுத் தகடு என்று கடையில் தனியாக விற்கிறார்கள். தேர்தல் காலத்தில் நம்மவர்கள் புல்தரையில் நட்டுவைக்கும் விளம்பரப் பலகை இருக்கிறதே, அதுவும் அதே தகடுதான். எங்கள் வட்டாரத்தில் தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் அலுவலகத்தில் கேட்டேன். வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அச்சு வெளிப்பக்கம் தெரியும்படி ஒட்டியிருக்கிறேன். பச்சோந்தி ஒரு முகம் நாள் முழுவதும் தன்னையே முறைப்பதை விரும்பாது. மகளுடைய தோழிகளுக்குத்தான் இப்போது அறைக்குள் நுழைந்ததும் கைகூப்பிய ஒருவர் வரவேற்புக் கொடுக்கிறார். செலவு: சுழியம்.

முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்கிய ஒரே பெரிய பொருள் விளக்கு. ஆர்கேடியா நிறுவனத்தின் 24 வொற் ரி5 என்ற மெல்லிய யூவிபி ரியூப், 6 வீத வகை, தாங்கியோடும் பிரதிபலிப்பானோடும் சேர்ந்தது. வரியோடு 130 டொலரை ஒட்டி வந்தது. சூ மெட் நிறுவனத்தின் ரெப்ரிசன் 5.0 ரி5 ரியூபும் இதே வேலைக்கு ஏற்றது; எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதை எடுக்கலாம். ரியூப் கூண்டின் முழு அகலத்துக்கும் ஒளியைப் பரப்புவதால் பிராணி எங்கே நகர்ந்தாலும் கொஞ்சமாவது கிடைக்கும். வலைக்கு 9 அங்குலம் கீழே கிளை கட்டி அளந்தபோது கருவி 3ஐக் காட்டியது. அன்றைக்கு ரியூப் விலை மீதான என் முணுமுணுப்பு நின்றது. ஒன்றை மறக்க வேண்டாம்: யூவிபி ரியூப் வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வலு குறைந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒரு ரியூப் என்று செலவுப் பட்டியலில் எழுதிவையுங்கள். பழைய தாங்கி மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், பழைய ரியூபை வாங்காதீர்கள். ரியூபின் வயதை விற்பவர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும், விற்பவர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் அல்ல.

சூட்டுக்குக் கடைக்காரர் காட்டும் ‘ஊர்வன பல்ப்’ தேவையே இல்லை. கனடியன் ரயர் கடையில் வாங்கிய 50 வொற் ஹலோஜன் பல்ப் போதும். பீங்கான் பிடி உள்ள குடை விளக்கில் மாட்டி, வலையில் முட்டாமல் கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறேன். கிளையில் சூடு 29 பாகை செல்சியஸைத் தாண்டாத உயரத்தில் விளக்கைத் தொங்கவிட வேண்டும். ஆனால் அளக்கும் இடம் முக்கியம். பச்சோந்தியின் தலைக் கொண்டை கிளையிலிருந்து சில அங்குலம் உயர்ந்து, விளக்குக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். வெப்பமானியின் முனையைக் கொண்டை நிற்கும் உயரத்தில் பிடியுங்கள். கிளையில் சரியாக இருந்து கொண்டையில் சுட்ட கதைகள் நிறைய உண்டு. விளக்குகளை 12 மணி நேர ரைமர் பார்த்துக்கொள்கிறது.

இரவில் சிவப்பு பல்ப், நீல பல்ப் எல்லாம் வீண். பச்சோந்திக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். வீட்டுச் சூட்டை இரவில் 18 பாகைக்கு இறக்கிவைப்பது என் பழைய கஞ்சத்தனம். அது பச்சோந்திக்குப் பிடித்துப்போனது எனக்குக் கிடைத்த எதிர்பாராத ஆதரவு.

தண்ணீர் வைக்கும் கிண்ணம் வாங்க வேண்டாம். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். தோட்டப் பகுதியில் 15 டொலருக்கு விற்கும் 2 லீற்றர் அழுத்தத் தெளிப்பான் ஒன்று வாங்கினோம். காலையில் விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம், இரவில் அணைந்த பிறகு இரண்டு நிமிடம். பகலில் சொட்டுக் கிண்ணம். இரண்டு வேளைக்கும் நடுவே இலைகள் காய வேண்டும். நாள் முழுவதும் சொதசொதவென்று வைத்தால் மூச்சு நோய் வரும். தானாகத் தெளிக்கும் இயந்திரங்களில் மிஸ்ற்கிங் கனடியத் தயாரிப்பு, நன்கு பெயர் எடுத்தது, அயலவர் வீட்டில் சத்தம் இல்லாமல் வேலை செய்வதைப் பார்த்தேன். விலை பெரிய கூண்டை விட அதிகம். தொழிற்சாலையில் இரவு மாற்று வேலை செய்யும் குடும்பம் என்றால் அதை வாங்குவதில் பிழை இல்லை. எங்கள் வீட்டில் பாடசாலைக்கு முன்னும் படுக்கைக்கு முன்னும் பம்ப் அடிப்பதற்கு ஒருத்தி இருக்கிறாள்.

தெளிக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மரத்தரை உள்ள அறையில் அது முதல் வாரமே தலையிடியாகும். கூண்டின் அடித்தகட்டில் துளையிட்டு, அதற்குக் கீழே குளிர்காலத்தில் வாசலில் பனிச் சப்பாத்து வைக்கும் பிளாஸ்ரிக் தட்டு ஒன்றை நுழைத்தேன். மண், மரத்தூள், தேங்காய்நார் எதையும் தரையில் பரப்பவில்லை; சிள்வண்டுகள் ஒளிந்துகொள்ளும், நாக்கோடு மண்ணும் வாய்க்குள் போகும். வெறுந்தரை, வாரம் ஒரு முறை துடைத்தால் முடிந்தது.

செடிகள்தான் கூண்டுக்கு உயிர். ஐகியாவில் ஒரு பெஞ்சமின் பைக்கஸ், தோட்டக் கடையில் ஒரு குடைச்செடி. மணி பிளான்ற் அலுவலகத்தில் கிடைத்தது. சக ஊழியர் மேசையிலிருந்து நான்கு தண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும். இலைகளைக் கழுவி, உரமும் வெள்ளை மணிகளும் கலந்த கடை மண்ணை அகற்றி, வெறும் மண்ணில் மாற்றி நட்டு, மேலே விழுங்க முடியாத அளவு பெரிய கூழாங்கற்களை அடுக்கினோம். என் மனைவி ஐப்பசி வந்தால் உள்ளே எடுத்துவைக்கும் செவ்வரத்தையும் கூண்டுக்குள் போயிற்று. இலையும் பூவும் இரண்டுமே பச்சோந்திக்கு விருந்து. பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் சாடியை மகள் ஒரு பார்வை பார்த்தாள். “அதில் கை வைத்தால் அப்பாவும் மகளும் பச்சோந்தியும் சேர்ந்து வெளியே போகலாம்” என்று பதில் வந்தது. ஆறு குளிர்காலம் காப்பாற்றிய மரம், பேச்சுக்கு இடமில்லை.

கிளைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடையில் ஒரு கொப்புக்கு 25 டொலர் கேட்கிறார்கள். பின்வளவு மேப்பிள் மரத்தில் வெட்டியவற்றைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தோம். பாவற்காய்ப் பந்தலுக்கு வாங்கிய மூங்கில் தடிகளும் சேர்ந்தன. பைன், தேவதாரு போன்ற பிசின் வடியும் மரங்கள் வேண்டாம். பிராணியின் கால் கவ்விப் பிடிக்கும் பருமனில், மெல்லியதும் தடித்ததுமாக, படுக்கைவாட்டில் பல தட்டுகளில் கட்ட வேண்டும். அதற்கு டொலராமா மலிவுக் கடையின் பிளாஸ்ரிக் கட்டுப்பட்டிகள் போதும்.

ஆண் குஞ்சையே வாங்கினோம், பண்ணையில் பிறந்தது. பின்னங்கால் குதியில் சிறு முள் இருந்தால் ஆண், குஞ்சிலேயே தெரியும். இதுவும் செலவுக் கணக்குதான். பெண் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலே முட்டை போடும். ஈர மணல் நிறைந்த ஆழமான பெட்டி கூண்டுக்குள் வேண்டும். இல்லையென்றால் முட்டை உள்ளே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு கூண்டில் ஒன்றுதான், துணைக்கு இன்னொன்று வேண்டாம். இதை இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே புதர்களில் காணும் பச்சோந்தி சட்டப் பாதுகாப்பில் உள்ள காட்டு விலங்கு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடித்துக் கூண்டில் போடுவது குற்றம். மரத்திலேயே பார்த்து மகிழுங்கள்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் வீடு அமைக்க 350 டொலருக்குச் சற்றுக் குறைவு. கடைப் பெட்டியோடு தொடங்கியிருந்தால் அதன் 200க்கு மேல் பெரிய கூண்டும் சரியான ரியூபும் வாங்கியே தீர வேண்டும், 500 தாண்டும். மின்சாரம் பயப்படும் அளவுக்கு இல்லை. 24 வொற்றும் 50 வொற்றும் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 27 யூனிற் கூட வராது.

பணத்தைத் தின்பது பின்னால் வருவது. சிள்வண்டு வாரம் தோறும் வேண்டும், அந்தச் சிள்வண்டுகளுக்கும் கரட்டும் கீரையும் போட்டு வளர்த்தால்தான் சத்து. அவற்றின் மேல் தூவும் கல்சியத் தூள் ஒன்று, மாதத்தில் இரண்டு தடவை மட்டும் தூவும் டி3 கலந்தது ஒன்று, பல்விற்றமின் ஒன்று. தப்பிய ஒரு சிள்வண்டு இரவு இரண்டு மணிக்குப் படுக்கையறைச் சுவருக்குள் இருந்து பாடுவதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, நாய் பூனை பார்க்கும் எல்லா மிருக வைத்தியர்களும் பச்சோந்தியைப் பார்க்க மாட்டார்கள். குஞ்சை வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, ஊர்வன பார்ப்பவர் யார், கட்டணம் என்ன என்று கேட்டு வையுங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் நல்லவர், பொறுமையானவர். முதல் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் அவர் வாங்கியது கிஜிஜிக் கூண்டின் விலையை விட அதிகம்.